தொழில் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது

2005 ஜனவரியில் என் கையில் கொடுக்கப்பட்ட முதல் கணக்கெடுப்புப் படிவத்தில் 'குடும்பத் தலைவரின் தொழில்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதற்கு நான்கு விடைகளுக்கே இடம் உண்டு: மீன்பிடித்தல், விவசாயம், கூலி, பிற. பரமக்குடியில் பேருந்தேறி மண்டபத்தில் வந்திறங்கிய எனக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. தை அமாவாசைக்கு ராமேசுவரம் வந்துபோன நாட்களைத் தவிர நான் அதுவரை கடலைப் பார்த்ததே இல்லை. அதன் பிறகு இருபது ஆண்டுகள், வெவ்வேறு அமைப்புகளின் சம்பளத்தில், வெவ்வேறு நாடுகளின் பணத்தில், தொண்டிக்கும் மூக்கையூருக்கும் இடையே உள்ள கரையோர ஊர்களில் வேலை பார்த்துவிட்டேன். ஓர் உதவித் திட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று ஜெனீவாவிலும் ரோமிலும் புதுதில்லியிலும் பேசுகிறார்கள். பேசி முடித்த கொள்கை கடைசியில் ஒரு தாளில் கட்டங்களாக மாறும்போது யார் அதற்குள் அடங்குகிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள் என்பதை வைத்தே அந்தத் திட்டம் எங்கள் கரைக்கு என்ன கொண்டுவரும் என்பது முடிவாகிறது. அந்தக் கட்டங்களை நிரப்பியவள் என்ற முறையில் நான் செய்த தவறுகளையும், அவற்றால் பழகிக்கொண்ட சில நடைமுறைகளையும் இங்கே எழுதுகிறேன்.

சுனாமியில் எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரி அளவுக்கு அடி விழவில்லை. இலங்கைத் தீவு குறுக்கே நின்று பெரும்பகுதியைத் தாங்கிக்கொண்டது. ஆனாலும் நிவாரணப் பணம் கடற்கரை முழுவதையும் நோக்கி வந்தது. பிற நாட்டு அரசுகளின் நேரடி அவசர நிவாரணம் தமிழகக் கரைக்கு வேண்டாம் என்று இந்திய அரசு அப்போது சொல்லிவிட்டது. மறுகட்டுமானத்துக்கு உலக வங்கியிடமும் ஆசிய வளர்ச்சி வங்கியிடமும் நிதி பெற்றது. தொண்டு நிறுவனங்கள் வழியாக வந்த பணமோ தனி ஆறாக ஓடியது. உலகளவில் அந்தப் பேரிடருக்குத் திரண்ட தொகையைப் பின்னாளில் நன்கொடை நாடுகளும் உதவி அமைப்புகளும் கூட்டாக மதிப்பிட்டபோது, சுனாமியால் பாதிக்கப்பட்ட ஒருவருக்குக் குறைந்தது 7,100 டாலர் வீதம் சேர்ந்திருந்ததாகவும், அதே 2004இல் வங்கதேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவருக்கு 3 டாலர்தான் கிடைத்ததாகவும் கணக்கிட்டார்கள். களத்தில் அதற்கு என்ன பொருள் என்றால், கொடுப்பதற்கு ஆள் தேடுவதே எங்கள் வேலையாக இருந்தது. நிதியாண்டு முடிவதற்குள் செலவழிக்க வேண்டிய தொகை மேசையில் கிடக்கும்போது எந்தக் கணக்கெடுப்பும் பொறுமையாக நடக்காது.

கண்ணுக்குத் தெரிவதும், எண்ண முடிவதும், மேலே நிறுவனத்தின் பெயரை எழுத முடிவதும் படகுதான். ஆகவே நாங்கள் படகு கொடுத்தோம். நான் வேலை பார்த்த நிறுவனம் ஐந்து பேருக்கு ஒரு ஃபைபர் படகு என்று விதி வைத்தது. எங்கள் பக்கத்து நாட்டுப்படகுகளில், பிடித்துவந்த மீனை விற்ற பணத்திலிருந்து டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பங்காகப் பிரிப்பார்கள். படகுக்குப் பங்கு, வலைக்குப் பங்கு, ஏறிப்போன ஆளுக்குப் பங்கு என்று அந்தக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். ஐந்து பேரும் சமமான சொந்தக்காரர்கள் என்றால் படகுப் பங்கு யாருக்கு, பழுதுபார்ப்பது யார், முன்பணம் கொடுத்த வியாபாரிக்கு மீனை யார் பெயரில் போடுவது என்ற எந்தக் கேள்விக்கும் எங்கள் படிவத்தில் இடமில்லை. கையெழுத்துப் போட ஐந்து பேரும் வந்தார்கள். அடுத்த வாடைக்காற்று தொடங்குவதற்கு முன்பே, நான் பட்டியல் எழுதிய ஊரில், பல குழுக்களில் ஒருவர் மற்ற நால்வருக்கும் கொஞ்சம் பணம் கொடுத்துப் படகைத் தன் பெயருக்கு எடுத்துக்கொண்டார். நால்வரும் முன்போலவே ஆள்பங்குக்குப் போனார்கள். எங்கள் அறிக்கையில் மட்டும் ஒவ்வொரு படகுக்கும் எதிரே 'பயனாளிகள் 5' என்று இருந்தது. அதை எழுதியது நான்தான். பொய் என்று தெரிந்து எழுதவில்லை என்பதைத் தவிர வேறு சமாதானம் என்னிடம் இல்லை.

அதிலிருந்து ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டேன். ஓர் ஊருக்குப் போனால் முதல் வாரம் படிவத்தை எடுப்பதில்லை. விடியற்காலையில் ஏலம் நடக்கும் இடத்தில் நின்று, ஒரு படகின் மீன் பணம் எத்தனை கைகளுக்குப் பிரிகிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்வேன்: படகுக்காரர், ஆள்பங்குக்காரர்கள், வலையைத் தள்ளித் தருபவர், ஐஸ் உடைப்பவர், கூடை தூக்குபவர், கழிவு மீனைக் கருவாட்டுக்கு வாங்கும் கிழவி. இந்தக் கைகளின் வரிசையை ஒரு தாளில் எழுதிவிட்டால், 'மீனவர்' என்ற ஒற்றைச் சொல் எத்தனை பேரை மறைக்கிறது என்று தெரிந்துவிடும். நிதி கொடுப்பவரிடம் அந்தத் தாளைக் காட்டியே பேச வேண்டும். வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

ஆனால் ஏலம் நடக்கும் இடத்தில் மட்டும் நின்றாலும் போதாது என்பதைத் தென்கடல் என்று நாங்கள் சொல்லும் மன்னார் வளைகுடாப் பக்கம் கடற்பாசி எடுக்கும் பெண்கள் எனக்குக் காட்டினார்கள். பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989இல் மன்னார் வளைகுடா முழுவதும் உயிர்க்கோளக் காப்பகமானது. 2000க்குப் பிறகு உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் பணத்தில், ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் வழியாக, இந்த வளைகுடாவைக் காக்கும் பெரிய திட்டம் ஒன்று நடந்தது. ஊர்தோறும் சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் அமைத்துச் சிறுகடன் கொடுத்தார்கள். அதன் நோக்கத்தில் எனக்குக் குறை இல்லை. மாற்றுத் தொழில் யாருக்கு வேண்டும் என்று கணக்கெடுக்கும் வேலை அக்காலத்தில் ஒருமுறை என்னிடம் வந்தது. நான் போன நேரம் காலை பத்து மணி. பெண்கள் எல்லாரும் தீவுப் பக்கம் கடலுக்குள் இருந்தார்கள். வீட்டில் இருந்த ஆண்களிடம் கேட்டு, அவர்கள் மனைவிமாருக்கு நேராக 'இல்லத்தரசி' என்று எழுதிவிட்டு வந்தேன்.

மாலையில் அவர்கள் கரையேறியபோது பார்த்தேன். சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, நெற்றிக்கு ஏற்றிவிட்ட நீச்சல் கண்ணாடி, பத்து விரலிலும் கிழிந்த துணி சுற்றிய சுருள்கள். ஒரு பெண் அந்தச் சுருள்களைப் பல்லால் கடித்து அவிழ்த்தபோது, விரல் நுனிகள் ஊறி வெளுத்து, பாறை கிழித்த கோடுகளோடு இருந்தன. மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டே அவர் என் படிவத்தை எட்டிப் பார்த்து, "என்னம்மா எழுதிருக்க?" என்றார். சொன்னேன். "அப்ப இது யாரு கையி?" என்று விரலை நீட்டினார். கோபமாகக் கேட்கவில்லை, பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், எனக்குத்தான் தாளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அந்தக் கட்டத்தில் இருந்த ஒரு சொல்லின் விளைவு சிறியதல்ல. தொழில் என்று எழுதப்படாததால், பூங்காக் கட்டுப்பாட்டால் அவர்களுக்கு வந்த வருமான இழப்பு இழப்பாகவே கணக்கில் ஏறவில்லை. பூங்கா எல்லைக்குள் போனவர்கள் என்ற முறையில் வனத்துறையின் ஏட்டில் மட்டும் அவர்கள் இருந்தார்கள். ஓர் ஏட்டில் குற்றவாளியாகவும் மற்றோர் ஏட்டில் இல்லாதவராகவும் ஒரே ஆள் இருக்க முடியும் என்பதை நான் அன்று கற்றேன். பிறகு அப்பெண்கள் தாங்களே சங்கம் கூடி, மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்பது, பாசி வளரும் காலத்தில் எடுக்காமல் நிறுத்துவது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டு அதிகாரிகளோடு பேசினார்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமிக்கு 2015இல் அமெரிக்காவிலுள்ள சீகாலஜி அமைப்பின் பரிசு கிடைத்தபோது, இந்த வேலை உலகுக்குத் தெரிந்தது. அந்தப் பேச்சுவார்த்தைக்கு நான் ஒரு துரும்பும் எடுத்துப்போடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மாற்றாக நாங்கள் முன்வைத்தது மிதவைப் பாசி வளர்ப்பு. 12 அடிக்கு 12 அடி மூங்கில் சட்டத்தில் கயிறு கட்டி, விதைப் பாசியைத் தொங்கவிட்டால் 45 நாளில் அறுக்கலாம். குளிர்பான நிறுவனம் ஒன்று இங்கே அதைப் பரப்பியதால் இன்றும் ஊரில் அதற்குப் பெயர் 'பெப்சி பாசி'. வெளிநாட்டு இனமான அந்தப் பாசி குருசடைத் தீவுப் பக்கம் பவளப் பாறைகளின் மேல் படர்ந்திருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். வருமானத்தைக் காப்பாற்ற ஒரு திட்டமும் பவளத்தைக் காப்பாற்ற ஒரு திட்டமும் ஒரே கடலில் ஒன்றை ஒன்று கேட்காமல் நடந்தால் இப்படித்தான் ஆகும். யாருடைய திட்டம் சரி என்று தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஓர் ஊரில் வேலை தொடங்கும் முன் அங்கே வேறு யார் எந்தப் பணத்தில் என்ன செய்கிறார்கள் என்று ஒரு பக்கம் எழுதி வைக்காமல் நான் இப்போது எதிலும் கையெழுத்திடுவதில்லை.

ஐஸ் பெட்டிகளின் கதையையும் சொல்ல வேண்டும். தலைச்சுமையாக மீன் விற்கும் பெண்களுக்கு ஐஸ் பெட்டி கொடுப்பது நல்ல யோசனைதான். கொடுக்கும் நிறுவனம் விலைப்பட்டியலில் பார்த்து, பெரிதாக இருந்தால் அதிகம் பிடிக்கும் என்று பெரிய அளவில் வாங்கி அனுப்பியது. மீனும் ஐஸும் நிரம்பிய அந்தப் பெட்டியை ஒருத்தி தனியாகத் தூக்கிப் பேருந்துப் படியில் ஏற்ற முடியாது. ஏற்றினாலும் நடத்துனர் சும்மா விட மாட்டார். ஆறு மாதம் கழித்துப் பார்வையிட வந்த வெளிநாட்டு அம்மையாருக்குக் காட்ட ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனேன். பெட்டியைத் திறந்தால் உள்ளே ரேஷன் அரிசி. எலி போகாமல் நன்றாக இருக்கிறது என்று வீட்டுக்காரர் மனதாரப் பாராட்டினார். அம்மையார் அதைப் படமெடுத்துக்கொண்டார். அறிக்கையில் அந்தப் படம் வரவில்லை.

அளவு பற்றிப் பேசும்போது ஸ்பியர் அளவுகோல்களையும் குறிப்பிட வேண்டும். உதவி அமைப்புகள் சேர்ந்து 1997இல் தொடங்கிய அந்தக் கூட்டு முயற்சி, பேரிடரில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 250 பேருக்கு ஒரு குழாய், வீட்டிலிருந்து 500 மீட்டருக்குள் தண்ணீர், காத்திருப்பது 30 நிமிடத்துக்கு மேற்படாமல் என்று எண்களை வகுத்து வைத்திருக்கிறது. இவற்றைக் குறை சொல்பவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். எண் இல்லாவிட்டால் 'தண்ணீர் வசதி செய்து தரப்பட்டது' என்ற ஒரு வரியோடு எவரும் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் எங்கள் கரையில் குழாயை எண்ணினால் போதாது, குழாயில் தண்ணீர் வரும் மணியை எண்ண வேண்டும். குழாய் காய்ந்து கிடக்கும் நாளில், மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறுகிற தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் அள்ளிக் குடத்தை நிரப்புகிற ஊர்களில், ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று நான் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அப்படிப் பார்த்து எழுதிய ஒரு பக்கக் குறிப்பு, நான் எழுதிய நாற்பது பக்கத் திட்ட அறிக்கைகள் எதையும்விட வேகமாக லாரித் தண்ணீரைக் கொண்டுவந்தது.

2022 மார்ச்சில், இலங்கையின் பொருளாதாரம் சரிந்தபோது, மீண்டும் தனுஷ்கோடிப் பக்கம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் 22ஆம் தேதி 16 பேர். படகோட்டிகள் அரிச்சல்முனைக்கு அப்பால் மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுவதும், கடலோரக் காவல் படையோ மீனவர்களோ கண்டு கரைசேர்ப்பதும், விசாரணைக்குப் பிறகு மண்டபம் முகாமுக்கு அனுப்புவதும் அடுத்த மாதங்களில் வழக்கமாகிவிட்டன. இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களை நோய்த்தடுப்புக்காகத் தங்கவைக்க ஆங்கிலேயர் காலத்தில் அமைத்த வளாகம்தான் அது. 1983க்குப் பிறகு எதிர்த்திசையில் வந்தவர்களுக்கு வாசலானது.

பதிவு செய்வது அரசு அலுவலர்களின் வேலை. உடனடித் தேவைகளைப் பட்டியலிடுவது மட்டுமே என் வேலை. இரண்டு பிள்ளைகளோடு வந்த ஒரு பெண், பிளாஸ்டிக் பையில் சுற்றிய கிளினிக் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, "அக்கா, எங்கள என்னண்டு பதியப் போறீங்க?" என்று கேட்டார். எனக்கு அதற்கு விடை இல்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதி என்பதற்குத் தனிச் சட்டமும் இங்கே இல்லை. வருபவர் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். பழைய முகாம்வாசிகளுக்குத் தமிழக அரசு மாத உதவித்தொகையை 2021இல்தான் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாயாகவும், மற்றப் பெரியவர்களுக்கு 1,000 ரூபாயாகவும், சிறுவர்களுக்கு 500 ரூபாயாகவும் உயர்த்தியிருந்தது. அதே வளாகத்தில் புதிதாக வந்து உட்கார்ந்திருந்தவர் அந்தப் பட்டியலுக்குள் வருவாரா என்று யாராலும் அன்று சொல்ல முடியவில்லை. 2025இல் புதிய குடிவரவுச் சட்டத்தின் கீழ், கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் வந்தவர்களுக்காக வந்த விலக்கு ஆணையும் 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுபெற்ற இலங்கைத் தமிழர்களுக்குத்தான். 2022இல் மணல் திட்டில் இறங்கியவர்கள் அந்தத் தேதிக்கு இந்தப் பக்கம் நிற்கிறார்கள்.

என் தேவைப் பட்டியலில் அரிசி, பருப்பு, போர்வை, சோப்பு எல்லாம் இருந்தன. அந்தப் பெண்ணிடம் முதலில் என்ன வேண்டும் என்று கேட்டேன். மன்னாரில் இருக்கும் தாய்க்குத் தாங்கள் கரைசேர்ந்துவிட்டதைச் சொல்ல வேண்டும் என்றார். அதற்குக் கட்டம் இல்லை. பிரிந்த குடும்பத்தினரைத் தேடித் தொடர்பு ஏற்படுத்துவதைச் செஞ்சிலுவை இயக்கம் தன் அடிப்படைப் பணிகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது என்று தெரிந்திருந்தும், இத்தனை ஆண்டுகளில் என் பட்டியலில் நான் அதைச் சேர்த்ததில்லை. அலுவலரிடம் அனுமதி கேட்டுத்தான் பேச வைக்க முடிந்தது. பேசியது இரண்டு நிமிடம் இருக்கலாம். பிறகுதான் அவர் போர்வையை வாங்கினார்.

யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி அந்த மாதங்களில் பெரிய அளவிலும் எழுந்தது. இலங்கைக்கு அரிசியும் மருந்தும் அனுப்பத் தமிழக அரசு ஒன்றிய அரசிடம் அனுமதி கேட்டபோது, முதலில் அங்குள்ள தமிழர்களுக்கு என்றே கேட்டிருந்தது. தமிழருக்கு மட்டும் என்று பிரிக்காமல் எல்லா மக்களுக்கும் பொதுவாக அனுப்புங்கள் என்று இலங்கைத் தமிழர் தரப்பிலிருந்தே வேண்டுகோள் வந்ததாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் சொன்னார். ஏப்ரல் 29ஆம் தேதித் தீர்மானத்தில் 40,000 டன் அரிசி, 500 டன் பால்மா, மருந்துகள் ஆகியவை இலங்கை மக்களுக்கு என்று அறிவிக்கப்பட்டன. மே 18இல் முதல் கப்பல் சென்னையிலிருந்து கிளம்பியது. தேவையைப் பார்த்துக் கொடு, இனத்தைப் பார்த்துக் கொடுக்காதே என்று செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் வகுத்த நடத்தை விதி சொல்வதும் இதைத்தான். ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு மூட்டை இறங்கி அடுத்த வீட்டுக்கு இறங்காவிட்டால் மறுநாள் அந்தத் தெருவில் என்ன நடக்கும் என்பதை, நூல் படித்துத் தெரிந்துகொள்ளத் தேவையில்லாதவர்கள் அந்த வேண்டுகோளை வைத்தவர்கள்.

பணத்தின் போக்கு இப்போது மாறிவிட்டது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பணம் பெற்ற ஒரு நிறுவனம் அதை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றித் தர முடியாது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. உள்ளூர் அமைப்புகளுக்கு நேரடியாக 25 சதவீதமாவது போய்ச்சேர வேண்டும் என்று 2016இல் உலக அளவில் பெரிய கொடையாளர்கள் கைகொடுத்து ஒப்புக்கொண்டார்கள். இங்கே அந்த நன்கொடைச் சட்டத்தில் சொந்தப் பதிவு இல்லாத கரையோரச் சங்கத்துக்கு அந்த வழி அடைந்துகிடக்கிறது. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்து, ஜூலையில் அதற்கான நிறுவனத்தையே மூடியபோது, எனக்குத் தெரிந்த களப்பணியாளர்கள் பலருக்கு வேலை போனது. ஆகவே இப்போது சிறிய தொகையில், உள்ளூர்ப் பதிவில், குறுகிய காலத்துக்குத்தான் திட்டம் எழுதுகிறோம். நாட்காட்டியை முதலில் வரைந்துவிடுவேன்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், பயிற்சி வைக்க அதுதான் நேரம், ஐப்பசி, கார்த்திகையில் எந்த மிதவையும் கடலில் இறக்கக் கூடாது. பட்டியல் தயாரானதும் வலை பின்னும் கொட்டகையில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பேன்; விடுபட்ட பெயரை ஊரே சொல்லிவிடும், தகாத பெயர் வந்தால் ஊர் இருமும். புகார்ப் பெட்டி வைப்பதை விட்டுவிட்டேன், அதில் மிட்டாய்த் தாள்தான் விழும். தொழில் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டு, ஒவ்வொருவரும் தம் வேலையைத் தாமே சொல்லச் சொல்லி, சொன்ன சொல்லையே எழுதுகிறேன்.

போன ஆண்டு மீன் விற்கும் பெண்களுக்கு மறுபடியும் ஐஸ் பெட்டி வாங்கும் வாய்ப்பு வந்தது. இம்முறை மூன்று அளவில் மாதிரிகளைக் கொண்டுபோய்க் கொட்டகையில் வைத்தோம். அவர்கள் ஒவ்வொன்றிலும் மீனையும் ஐஸையும் நிரப்பித் தூக்கிப் பார்த்து, தேவிபட்டினம் பேருந்தில் ஒருநாள் ஏற்றியும் பார்த்துவிட்டு, இருப்பதில் சிறியதையே தேர்ந்தெடுத்தார்கள். கைப்பிடிக்குப் பதில் கயிறு வேண்டும் என்றார்கள். பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, பெட்டிக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்க வேண்டும் என்று நடத்துனர் சொல்லிவிட்டார். அந்த டிக்கெட் செலவை மூன்று மாதத்துக்குத் திட்டத்தில் சேர்க்கலாமா என்று எழுதிக் கேட்டேன். இது ஏற்கத்தக்க செலவினம் அல்ல என்று பதில் வந்தது. எந்தத் தலைப்பில் எழுதினால் ஏற்பார்கள் என்று இப்போது சங்கத்துக் கணக்குப்பிள்ளையோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.